தோளை இழுத்த தண்ணீர்

நெடுங்காலத்துக்கு முன்னே மணல்வாரிச் சீமையை வீரமல்லராயர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் பொறுமை என்பது கடுகளவும் கிடையாது. ஒருநாள் காலை, பட்டத்து யானை மண்டியிட்டு முடிப்பதற்குள் அவசரப்பட்டு ஏறப்போனார். வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். தோள்மூட்டு கழன்றுவிட்டது. தோளின் உருண்டை போய், அந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. கை அசையவில்லை.

மல்யுத்தக் களத்தில் கழன்ற மூட்டுகளை ஏற்றிவிடும் சடைமாயனை அழைத்து வந்தார்கள். அவன் ராஜாவின் கையைப் பிடித்து மெல்ல இழுக்கத் தொடங்கினான். ராஜாவோ, "ஐயோ, கொல்கிறானே!" என்று அலறித் துள்ளினார். ஏறப்போன மூட்டு ஏறவில்லை.

பக்கத்தில் நின்ற அரண்மனை வைத்தியர் அகிலாண்டப் பண்டிதருக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. தன்னை விட்டுவிட்டு ஒரு களத்துக்காரனை அழைத்தார்களே என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தவர் அவர்.

"மகாராஜா, வேண்டுமென்றே நோகடிக்கிறான். நான் தைலம் தடவிக் கட்டுகிறேன், நாற்பது நாளில் தானே சரியாகிவிடும்" என்றார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இவனைச் சிறையில் போடுங்கள். நாளை காலை இவன் கையை வெட்டுங்கள். இனி என் கையை இழுப்பவன் எவனானாலும் அவனுக்கும் அதே கதிதான்!" பண்டிதர் தோளில் தைலம் தடவினார்; மூட்டு கழன்றபடியே இருந்தது.

செய்தி களத்துக்குப் போயிற்று. சடைமாயனின் தங்கை ஒச்சாயி அண்ணனோடு சேர்ந்து இதே வேலை செய்கிறவள். வெட்டப்போகிற அந்தக் கைதான் அண்ணனுக்குப் பிழைப்பு. கொஞ்ச நேரம் குந்தியிருந்து யோசித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு செம்புக் குடத்தோடு நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

"மகாராஜா, நான் உங்கள் கையைத் தொடமாட்டேன். யாரையும் இழுக்கவும் விடமாட்டேன். ஆனாலும் தோள் ஏறும்" என்றாள்.

பண்டிதர் சிரித்தார். "தொடாமலே ஏற்றுவாளாம்! மந்திரம் போடுவாயோ?"

"மந்திரம் தெரிந்தால் முதலில் உங்கள் வாயைக் கட்டியிருப்பேன், ஐயா."

வலியிலும் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஏறாவிட்டால்?"

"அண்ணன் கையோடு என் கையையும் வெட்டுங்கள். ஏறிவிட்டால் அண்ணனை விட்டுவிட வேண்டும்."

"சரி" என்றார் ராஜா.

உயரமான பலகை ஒன்றில் ராஜாவைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். "அரசர் குப்புறப் படுப்பதா? என்ன அவமானம்!" என்று பண்டிதர் குதித்தார். "பிறந்த நாலாம் மாதத்தில் எல்லா அரசரும் குப்புற விழுந்தவர்கள்தானே, ஐயா" என்றாள் ஒச்சாயி. ராஜா படுத்துவிட்டார்.

கழன்ற கை பலகையின் விளிம்பிலிருந்து கீழே தொங்கியது. "பண்டிதர் ஐயா, நீங்களே நாடி பாருங்கள். விரல் அசைகிறதா, மரத்திருக்கிறதா என்றும் பாருங்கள்" என்றாள். எல்லாம் சரியாக இருந்தது. ராஜாவின் மணிக்கட்டில் மெத்தென்ற துணியைச் சுற்றி, அதில் வெறுங்குடத்தைக் கட்டித் தொங்கவிடும்படி பக்கத்தில் நின்ற அமைச்சரிடம் சொன்னாள். பிறகு ஒரு கொட்டாங்கச்சியால் குடத்தில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். கொஞ்சம் ஊற்றுவாள், நிறுத்துவாள், மறுபடி ஊற்றுவாள்.

"மகாராஜா காலையிலிருந்து சாப்பிடவில்லையாமே?"

"எங்கே சாப்பிட?"

"என்ன குழம்பு பிடிக்கும்?"

"வாளைமீன் குழம்பு."

"எங்கள் வீட்டில் அதற்கு மாங்காய் போடுவோம்."

"வாளைமீனுக்கா? அடப் பாவமே! புளி மட்டும்தான். அதுவும் பழைய புளி. மண்சட்டியில் முதலில் வெந்தயத்தைப் பொரியவிட்டு..."

ராஜாவின் குரல் குழைந்தது. கல்லாக இறுகியிருந்த தோள்தசை மெல்லத் தளர்ந்தது. ஒச்சாயி குடத்தைப் பார்க்கவில்லை, தோளையே பார்த்தபடி ஊற்றினாள்.

"சின்ன வெங்காயத்தை நறுக்கக் கூடாது. உரித்து முழுசாகப் போட்டு, அது..."

'டக்' என்று ஒரு சத்தம்.

"அப்பாடா!" என்றார் ராஜா.

எழுந்து உட்கார்ந்தார். பள்ளம் மறைந்து தோள் உருண்டிருந்தது. மெதுவாக முழங்கையை மடக்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

பண்டிதர் விடவில்லை. "மகாராஜா, இவள் ஏமாற்றிவிட்டாள்! கையை இழுக்கக் கூடாது என்பது கட்டளை."

"இழுத்தது தண்ணீர், ஐயா. வெட்டுவதற்கு அதற்குக் கை இல்லையே" என்றாள் ஒச்சாயி. பிறகு ராஜாவைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணன் செய்ததும் சரிதான், மகாராஜா. நீங்கள் பயந்து தசையை இறுக்கினீர்கள். இறுகின தசை மூட்டை உள்ளே விடாது."

"உண்மையில் ஏற்றியது என் தைலம்தான். காலையிலேயே தடவினேனே!" என்றார் பண்டிதர்.

"அப்படியா? மகாராஜா மறுபடி ஒருமுறை யானையிலிருந்து விழட்டும். ஐயா தைலத்தாலேயே ஏற்றிக் காட்டட்டும்."

"வேண்டவே வேண்டாம்!" என்று ராஜா அலறினார். சபையே சிரித்தது.

சடைமாயனை விடுவித்து அழைத்து வந்தார்கள். ராஜா எழுந்து நின்றார். "அவசரப்பட்டேன், சடைமாயா. மன்னித்துவிடு" என்று எல்லார் முன்னும் சொன்னார். அண்ணனும் தங்கையும் இனி அரண்மனை வைத்தியர்கள் என்று அறிவித்தார். பண்டிதரின் தலை குனிந்திருந்தது. அவர் ஆறு மாதம் மல்யுத்தக் களத்தில் உட்கார்ந்து வேலை கற்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

ஒச்சாயி ராஜாவின் கையை மார்போடு சேர்த்து, கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் கட்டினாள். "மூன்று வாரம் கையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் மறுபடி கழலும்."

"நான் இந்த நாட்டுக்கு அரசன். ஒரு வாரம் போதாதா?"

"நீங்கள் அரசர் என்பது தோளுக்குத் தெரியாது, மகாராஜா."

ராஜா இருபத்தொரு நாளும் இடது கையாலேயே சாப்பிட்டார், இடது கையாலேயே கும்பிடு வாங்கினார். அவர் இன்னொருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதை மணல்வாரிச் சீமை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தது.