‘யு’வைத் தட்டுங்க சார்

சோதனையில் அறுபத்து மூன்று பச்சை. ஒன்று சிவப்பு.

பரஞ்சோதி கறுப்புத் திரையை முறைத்தார். ஓர் இணையப் பக்கம், மூன்று நாள் உழைப்பு. நாலு மணிக்குள் கிளையன்டுக்குப் போய்ச் சேரவேண்டும். மணி மூன்று நாற்பது. ஆறு மாதப் பயிற்சிக் காலம் இன்றோடு முடிகிறது. இது போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயசு ஆளுக்கு அதைச் சொல்ல வேறு வேண்டுமா?

“இன்னும் என்ன சார்?” என்றார் டீம் லீடர் செபாஸ்டின்.

“ஒண்ணே ஒண்ணு சிவப்பா நிக்குது.”

“அதான் கீழ அதுவே கேக்குதே. ‘யு’வைத் தட்டுங்க, பச்சையாயிடும். நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்றோம்.”

போன் அடித்தது. செபாஸ்டின் வெளியே போய்விட்டார்.

சோதிக்கும் கருவி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, வெறும் எழுத்து. ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும். இணையப் பக்கத்தின் ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கட்டி நிறுத்தும். முன்பு சேமித்து வைத்த பிரதியோடு வரிவரியாக ஒப்பிடும். இரண்டே நொடி. பரஞ்சோதி இருபது வருஷம் விடைத்தாள் திருத்தியவர். இப்படித் திருத்துகிற ஒருத்தரை அவர் பார்த்ததில்லை. அலுப்பு இல்லை, தாட்சண்யமும் இல்லை.

மாறிப்போன இடத்தில் பழைய வரிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, புதிய வரிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி. கீழே ஒரு கேள்வி. புதியதையே சரி என்று வைத்துக்கொள்ளவா? ஆம் என்றால் ‘யு’ விசை.

விரல் ‘யு’ வரைக்கும் போனது. நின்றது.

“டீச்சரம்மா, ஒரு நிமிஷம் வா.”

நஃபீசா வந்தாள். இருபத்தாறு வயசு. ஒன்பதாம் வகுப்பில் இவரிடம் இயற்பியல் படித்தவள், அதிலும் கடைசி பெஞ்சு. பள்ளிக்கூடம் மூடப்பட்டபோது அவரை இந்த வேலைக்குக் கூப்பிட்டு வந்ததும் அவள்தான், சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். அவள் விரல் விசைகளில் ஓடும்போது பரஞ்சோதி தன் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

“டீச்சரம்மான்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவ சார் சொல்றது?”

“நீ சார்னு கூப்பிடறத நிறுத்து, நானும் நிறுத்துறேன். இதப் பாரு. நேரம் தேர்ந்தெடுக்கிற ஆறு பொத்தானும் சப்பையா இருந்துச்சு. அதத் தூக்கிட்டு வெறும் பெட்டியா போட்டு, ஓரத்த வளைச்சு, நிழல் குடுத்தேன். எப்படி இருக்கு?”

“அழகா இருக்கு சார். நிஜமாவே.”

“சொடுக்கினா வேலையும் செய்யுது. அப்புறம் இது என்ன குத்தம் கண்டுபிடிச்சுச்சு?”

“குத்தம் சொல்லலையே. கேள்விதானே கேக்குது.”

“அதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்?”

நஃபீசா அவருடைய பக்கத்தைத் திறந்தாள். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி, பக்கத்தை வாசித்துச் சொல்லும் குரலை இயக்கினாள். பிறகு திரையை அணைத்தாள். மவுஸைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

“சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஒரு நேரம் பதிவு பண்ணுங்க சார்.”

“திரைய அணைச்சுட்டா எப்படிம்மா?”

“டேப் விசைய அழுத்திக்கிட்டே போங்க, ஒண்ணொண்ணா நகரும்.”

அழுத்தினார். காதுக்குள் ஒரு பெண் குரல் வாசித்தது. “பெயர். எழுதும் கட்டம்.” இன்னொரு தடவை. “கைபேசி எண். எழுதும் கட்டம்.” இன்னொரு தடவை. “அனுப்பு. பொத்தான்.”

“நேரம் எங்க போச்சு?”

முதலிலிருந்து வந்தார். பெயர், கைபேசி எண், அனுப்பு. மூன்றாவது தடவையும் அதேதான். ஓரம் வளைத்து நிழல் கொடுத்த ஆறு பெட்டிகளில் ஒன்றுகூட அந்தக் குரலுக்கு இல்லவே இல்லை.

“பழையது எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

அவள் திரையைப் போடவில்லை. அந்த இருட்டிலேயே கட்டளைகளை அடித்து, பழைய வடிவத்தை எடுத்து, கட்டி, ஓடவிட்டாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. பரஞ்சோதி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இப்போ போங்க சார்.”

பெயர். கைபேசி எண். “காலை ஆறு மணி. பொத்தான்.”

அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

“எல்லாம் சரிம்மா. ஆனா திரைய அணைச்சுட்டு யாரு வந்து பதிவு பண்ணப்போறா?”

“இது எந்த இடத்துக்குச் செய்யறோம் சார்?”

“டயாலிசிஸ் சென்டருக்கு.”

“சுகர் முத்தி கிட்னி போறவங்களுக்கு, கூடவே எது போகும்?”

பரஞ்சோதி கையிலிருந்த ஹெட்போனை மேஜைமேல் வைத்தார்.

“கண்ணு,” என்றார்.

நஃபீசா திரையைப் போட்டு, சோதனையைப் பழையபடி கொண்டுவந்து நிறுத்தினாள். அறுபத்து மூன்று பச்சை, ஒன்று சிவப்பு, கீழே அதே கேள்வி. மணி மூன்று ஐம்பத்திரண்டு. பொத்தான்களைத் திரும்பப் போட்டு அவற்றுக்கு இந்த அழகையும் கொண்டுவருவது எட்டு நிமிஷ வேலை இல்லை. நாளை மதியம் வரைக்கும் இழுக்கும்.

வாசலிலிருந்து செபாஸ்டின் எட்டிப்பார்த்தார். “தட்டிட்டீங்களா சார்? கிளையன்ட் லைன்ல இருக்காங்க. உங்க பேரச் சொல்லிட்டேன்.”

பரஞ்சோதி அவரைப் பார்க்கவில்லை. நஃபீசாவைப் பார்த்தார்.

“அப்போ தட்டக் கூடாதுங்கற.”

“நான் எப்போ சார் அப்படிச் சொன்னேன்?”

“இது நேத்து இருந்தது சரின்னு சொல்லுதா, இன்னைக்கு இருக்கிறது சரின்னு சொல்லுதா? அதையாவது சொல்லித் தொலை.”

“அதுக்கு எது சரின்னு தெரியாது சார். தெரியாததாலதான் உங்களக் கேக்குது. இப்படித்தான் இருக்கணும்னா, தட்டுங்க.”

பரஞ்சோதி தட்டவில்லை.