வட்ட ஆலயத்தில் ஒரே பந்தி

கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றும்போதெல்லாம் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்வது தெபோராள் அம்மையாரின் வழக்கம். புயலில் இடிந்த பழைய ஆலயத்தின் இடத்திலேயே அருளூர் லுத்தரன் சபையார் புதிய ஆலயம் எழுப்பினார்கள். அதற்குச் சித்தாளாக மணலும் ஜல்லியும் சுமந்தவர் அவர். சேரியில் பிறந்தவர், கணவரை இழந்தவர். காலையில் முழங்காலிட்டு ஜெபிக்காமல் ஒருநாளும் சட்டியைத் தொட்டதில்லை.

பழைய ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் நற்கருணைக்குப் பந்தி பந்தியாகப் போவார்கள். பீடத்தின் முன்னிருந்த நீண்ட தடுப்பில் முதலில் மண்டியிடுபவர் சபை மூப்பர் வேதமாணிக்கம் பிள்ளை. கடைசிப் பந்தி சேரிக்கு. அதிலும் கடைசி ஆள் தெபோராள். அவரிடம் வரும்போது எத்தனையோ முறை பாத்திரம் வற்றியிருந்தது. அன்பைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற சபைதான்! "சாகுறதுக்குள்ள ஒரு தடவயாவது எல்லாரோடயும் ஒரே பந்தியில உக்கார வையுமய்யா" என்று அவர் அழுது ஜெபித்தது அண்டை வீட்டுக்கும் கேட்கும்.

புதிய ஆலயமோ வட்டம். பீடம் நடுவில், சுற்றிலும் பெஞ்சுகள், மண்டியிடும் தடுப்பும் வட்டமே. கோபுரம் கிடையாது.

"கோயிலா இது, தண்ணித் தொட்டியா?" என்று ஊர் சிரித்தது.

"எப்படி இருந்தா என்ன, உள்ள அவர் இருந்தா சரி" என்றார் அம்மையார்.

"உனக்கென்னடி, எந்தக் கோயில்லயும் வாசப்படிதானே" என்றார் பிள்ளை. என்ன நாக்கு ஐயா அது!

பிரதிஷ்டை நாளில் தடுப்பைச் சுற்றிச் சபை முழுவதும் மண்டியிட்டது. அம்மையார் மட்டும், பழகிய பழக்கத்தில், கடைசிப் பந்திக்காக வாசலில் காத்து நின்றார். பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. புதிதாக வந்த குருவானவர் அப்பத்தை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அவ அப்புறமா வருவா. நீங்க ஆரம்பிங்க ஐயரே" என்றார் பிள்ளை.

"அப்புறம்னு ஒரு பந்தி இல்லீங்களே. அந்த இடம் நெறஞ்சாத்தான் ஆரம்பிப்பேன்."

பிள்ளை முகம் கறுத்து எழுந்தார். போய்விடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். வாசல்வரை போனவர், அம்மையாரின் முன்னே நின்று, கைகூப்பிச் சொன்னார்:

"வாங்கம்மா. உங்களுக்காகத்தான் எல்லாரும் மண்டி போட்டுக்கிட்டிருக்கோம்."

அழைத்தது பிள்ளையின் வாய். அழைத்தவர் யாரென்று அம்மையாருக்குத் தெரியாதா? அழுதுகொண்டே போய்ப் பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டார். குருவானவர் அவரிடமிருந்தே தொடங்கினார். நிறைந்த பாத்திரம் முதன்முதலில் அவர் உதட்டைத் தொட்டது. வட்டம் சுற்றிக் கடைசியாகப் பிள்ளையிடம் வந்தபோதும் அதில் ரசம் இருந்தது.

கர்த்தரே காத்திருந்து பந்தியில் அமர்த்திய அந்தத் தாயின் பொறுமையில் ஒரு துளி நமக்கும் கிடைப்பதாக.