குளக்கரையைப் பார்த்த கேமரா

ஹசீனாவிடம் ட்ரோன் ஓட்டப் படித்த சீடர்களில் மூத்தவர் சுயம்புலிங்கம். குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை. தாலி ஏறியதும் கேமராவை மெல்லத் தூக்கிக் கோபுரத்தைக் காட்டி முடித்தால்தான் அவருக்குப் பந்தியில் சாப்பாடு இறங்கும்.

அந்த ஐப்பசியில் ஊர்க்குளம் நிரம்பித் தளும்பியது. மழை மறுபடி பிடிக்கும் என்றார்கள். கரைக்குக் கீழே ஒரு தெரு இருந்தது. கரை தாங்காது என்றால் தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பார்த்துச் சொல்லும்படி பஞ்சாயத்துத் தலைவர் இசக்கியம்மாள் இவர்களைக் கூப்பிட்டிருந்தார்.

பறக்கும் பாதையைச் சுயம்புலிங்கமே குறித்தார். ட்ரோன் தானாகக் கிளம்பி, கரையின் வெளிச்சரிவை வரிசையாகப் படமெடுத்துத் திரும்பியது.

"கரை நல்லாத்தான் இருக்கு, டீச்சர். தலைவரம்மாட்ட சொல்லிட்டேன். தெருவுல அடுப்புப் பத்த வச்சிட்டாவ."

ஹசீனா படங்களை வாங்கிப் பார்த்தார். முதல் படங்களில் மண்ணும் புல்லும் தெளிவாக இருந்தன. போகப் போகக் கரை மெலிந்து கோடானது. கடைசிப் படத்தில் மேகமும் பனைகளும் மட்டும். அழகான படம்தான், குறை சொல்ல முடியாது.

"கிம்பலுக்கு என்ன சொன்னீங்க, அண்ணாச்சி?"

கேமராவைக் குனிய வைப்பதும் நிமிர வைப்பதும் கிம்பலின் வேலை.

"கெளம்புத எடத்துல நேரா கீழ பாருன்னேன். முடியுத எடத்துல நிமிந்து பாருன்னேன். ரெண்டும் சரியாத்தான செஞ்சிருக்கு?"

"நடுவுல?"

"நடுவுல என்னத்தச் சொல்ல? கீழ பாத்துட்டுத்தான போகும்."

ஹசீனா அவரைக் கரையடிக்கு அழைத்துப்போனார்.

"இங்க நின்னு உங்க காலைப் பாருங்க. அந்தப் பனைகிட்டப் போய்ச் சேரும்போது அதோட உச்சியைப் பாத்துட்டு இருக்கணும். வெடுக்குன்னு நிமிரக் கூடாது. ஒரே சீரா நிமிரணும்."

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நடந்தார். ஹசீனா தலை குனிந்தபடியே பின்னால் வந்தார்.

பாதி தூரத்தில் சுயம்புலிங்கத்தின் பார்வை புல்லைவிட்டு ஏறியது. அப்புறம் கால் எங்கே போகிறதென்று அவருக்கே தெரியவில்லை. பனையை அடைந்தபோது அண்ணாந்து குருத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேன், டீச்சர்!"

திரும்பிப் பார்த்தார். ஹசீனா வெகு தூரம் பின்னாலேயே நாணல் நடுவில் நின்றுவிட்டிருந்தார்.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

நாணலை விலக்கிக் காட்டினார். கரையில் விழுந்த ஓட்டை வழியாக, மண்ணைக் கரைத்துக்கொண்டு, டீ நிறத்தில் தண்ணீர் கொப்பளித்தது. பக்கத்திலேயே சுயம்புலிங்கத்தின் செருப்புத் தடம்.

 சுயம்புலிங்கம் அங்கிருந்தே இசக்கியம்மாளுக்குப் போன் போட்டார்.

"எல்லாரையும் கெளப்புங்கம்மா! நான் சொன்னது தப்பு. இப்பவே கெளப்புங்க."

ஹசீனா ட்ரோனை மறுபடி அனுப்பினார், இம்முறை கரை முழுக்கக் குனிந்தபடியே. வேறு கசிவு இல்லை.

மழை பிடித்தபோது ஓட்டையைச் சுற்றி மணல் மூட்டைகள் ஏறியிருந்தன. தெரு மொத்தமும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. குழந்தைகளின் இரைச்சல் காதைப் பிளந்தது. சுயம்புலிங்கம், தனக்குக் கொடுத்த சோற்றைத் தொடாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல கீழ பாருன்னேன், கேட்டுச்சு. கடைசில மேல பாருன்னேன், கேட்டுச்சு. நடுவுல மட்டும் ஏன் டீச்சர் எம் பேச்சக் கேக்கல?"

"கேட்டுச்சு, அண்ணாச்சி" என்றார் ஹசீனா. "கடைசில நிமிரணும்னு தெரிஞ்சதும், கெளம்பின எடத்துலேருந்தே நிமிர ஆரம்பிச்சிருச்சு."