சிறுத்தை வந்தால் என்ன சொல்வது?

மூங்கில் காட்டுக் குளக்கரையில் ஒரு பெரிய நாவல் மரம். அதன் உச்சியில் மந்தி ஒருத்தி காவல் இருந்தாள். சிறுத்தையைக் கண்டால் "கொக்!" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான், கீழே மேயும் மானும் பன்றியும் மயிலும் சிட்டாய்ப் பறந்துவிடும்.

துடியன் என்ற முயலுக்கு மட்டும் அந்தக் குரலில் ஒரு குறை. உயரமான பிராணிகளுக்குச் சிறுத்தை வரும் பக்கம் தெரியும். புல்லுக்குள் கிடக்கிறவனுக்கு என்ன தெரியும்? போன வாரம் "கொக்!" கேட்டு ஓடியவன் நேரே சிறுத்தையின் வாயில் போய் விழப் பார்த்தான். தப்பியது தம்பிரான் புண்ணியம்.

"மந்தியக்கா, 'கொக்'குக்குப் பின்னாடி எந்தப் பக்கம்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

"எனக்கென்ன! ஆனா இது பொதுக் குரல் தம்பி. எல்லாரும் சரின்னு சொல்லணும்!"

துடியன் ஆதரவு தேடிப் புறப்பட்டான்.

"சரி, ஒத்துக்கறேன்!" என்றது மான். "ஆனா அது பசியோட வருதா, வயிறு ரொம்பி வருதான்னும் சொல்லணும். சும்மா சும்மா மேய்ச்சலை விட்டு ஓட முடியலை!"

"எவ்வளவு தூரத்துல வருதுன்னும் சொல்லட்டும்!" என்றது பன்றி. "தோண்டின கிழங்கைத் தின்னுட்டே கிளம்பலாம்!"

மயில் கழுத்தை நீட்டியது. "திடீர்னு கத்தினா நெஞ்சு பதறுது. முதல்ல மரியாதையா ஒரு வணக்கம் வைக்கச் சொல்லு!"

இதெல்லாம் அசட்டுத்தனம் என்று துடியனுக்குத் தெரியாமல் இல்லை. மறுத்தால் தன் வார்த்தைக்குத் தலையாட்ட மாட்டார்களே! "ஆகட்டும், ஆகட்டும்" என்று எல்லாவற்றுக்கும் சம்மதித்தான். பெரியவர்கள் கேட்டது முன்னால் போக, அவன் கேட்டதற்குக் கடைசி இடம்தான் கிடைத்தது.

மறுநாளே சிறுத்தை வந்தது. மந்தி வாக்குத் தவறாதவள்.

"குளக்கரையில் கூடியிருக்கும் அன்பர்களே, வணக்கம்!" என்று ஆரம்பித்தாள். மயில் பூரித்துப் போய்த் தோகையைக் குலுக்கியது. "சிறுத்தை ஒண்ணு வருது! வயிறு ஒட்டியிருக்கு... இல்லை, மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கோ? இருங்க, நல்லாப் பார்த்துச் சொல்றேன்! தூரம்... ரெண்டு புதர் தள்ளி... அடடா, இப்போ ஒரு புதர்தான்!"

"பக்கம்! எந்தப் பக்கம்?" என்று துடியன் அலறினான்.

"அதுக்குத்தான் வரேன், அவசரப்படாதே!"

சிறுத்தை வந்தேவிட்டது! புல் விலகியது. துடியன் துள்ளினான். அவன் முதுகு ரோமத்தில் ஒரு கொத்து சிறுத்தையின் நகத்தோடு போயிற்று. மான் ஒரு பக்கம், வாயில் கிழங்கோடு பன்றி ஒரு பக்கம் என்று விழுந்தடித்து ஓடின. யாருக்கும் உயிர் போகாதது ஆச்சரியம்தான்.

மூச்சு சீரானதும் துடியன் எல்லாரையும் கூட்டினான். "எல்லாத்தையும் எடுத்துடுங்க! முதல்ல நான் கேட்டதை எடுங்க! பழைய 'கொக்'குக்கு முன்னாலயும் பின்னாலயும் யாரும் ஒண்ணும் சொருக வேண்டாம்!"

"அப்போ உனக்குப் பக்கம் தெரிய வேண்டாமா?" என்றாள் மந்தி.

துடியன் அண்ணாந்து பார்த்தான். கிளையிலிருந்து அவளுடைய நீண்ட வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, கத்தும்போதே உங்க வாலை அது வர்ற பக்கமா நீட்டிட்டா போதுமே! வேணுங்கறவன் பார்த்துக்கட்டும், வேண்டாதவன் பழையபடி ஓடட்டும்!"

யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மான் மட்டும், "வாலை ஆட்டினா பசின்னு வெச்சுக்கலாமா?" என்று இழுத்தது. பன்றி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டது.

அடுத்த முறை "கொக்!" என்ற குரலோடு வால் கிழக்கே நீண்டது. துடியன் மேற்கே பறந்தான். சிறுத்தை வந்து பார்த்தபோது கரையில் ஒரு மயிலிறகு மட்டும் கிடந்தது.

எல்லாருக்கும் பொதுவான ஒன்றில் புது வசதி சேர்க்கிறவர், அது இதுவரை செய்துவந்த வேலையைக் கெடுக்காமல் சேர்க்க வேண்டும்.