தனியாகப் பாடிய கடமான்

குழந்தைகளே, ஒரு மலைக்காட்டில் மாதப்பன் என்றொரு கடமான் இருந்தது. பாட்டு என்றால் அதற்கு உயிர். பாட்டுக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது.

சிங்கராஜாவின் சபையில் காலைதோறும் குயில் பாடும். "அதெல்லாம் ராஜாவுக்குத் தலையாட்டுகிற பாட்டு. நான் சொந்தப் பாட்டு மட்டும்தான் பாடுவேன்" என்று மாதப்பன் சொல்லித் திரிந்தது. சபையில் பாட அதை யாரும் கூப்பிடவே இல்லை என்பது வேறு விஷயம்.

தாளம் போட ஒரு மரங்கொத்தி சேர்ந்தது. கூடப் பாட ஒரு தவளை சேர்ந்தது. யார் எதைச் சொன்னாலும் "ஆமாமா" என்பது தவளையின் சுபாவம். மூவரும் தங்கள் குழுவுக்குக் 'காட்டுக் கூச்சல்' என்று பேர் வைத்தார்கள். கேட்டவர்கள் எல்லாம், பேர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

ஓடைக்கரையில் பாடினார்கள். ஒரு ஈ காக்கை வரவில்லை. மீன்கள்கூட அடுத்த மடுவுக்குக் குடிபோயின.

"நம் பாட்டைப் புரிந்துகொள்ள இந்தக் காடு இன்னும் வளரவேண்டும்" என்றது மாதப்பன்.

"ஆமாமா" என்றது தவளை.

மழையில் ஓடை பெருகிக் கரையை மூழ்கடித்தது. மூவரும் மேட்டில் பட்டுப்போய் நின்ற ஒரு மருதமரத்தடிக்கு இடம் மாறினார்கள். மரங்கொத்தி மரத்தில் ஏறித் தாளம் போட, மாதப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடியது. கண்ணைத் திறந்தால் அதற்கு உணர்ச்சி வராது.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால், அடேயப்பா! தவிட்டுக்குருவி, மைனா, காட்டுக்கோழி, கீரி என்று கூட்டமான கூட்டம். எல்லாருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது.

"பார்த்தாயா, கூடவே பாடுகிறார்கள்!" என்று மாதப்பன் பூரித்துப்போயிற்று.

நாளாக நாளாகக் கூட்டம் பெருகியது. மாதப்பனின் நடையே மாறிவிட்டது. கொம்பில் பூங்கொடி சுற்றிக்கொண்டது. பழைய சிநேகிதர்கள் எதிரே வந்தால் வானத்தைப் பார்த்தது.

ஒருநாள் நரி தூது வந்தது. "உங்கள் புகழ் ராஜா காதுக்கு எட்டிவிட்டது. நாளைக் காலையில் கேட்க வருகிறார். பிடித்துப்போனால் சபைப் பாடகர் பதவி!"

சபைப் பாட்டைப் பற்றித் தான் பேசிய பேச்செல்லாம் மாதப்பனுக்கு அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. நேரே மரங்கொத்தியிடம் போனது.

"தப்பா நினைக்காதே. உன் டொக்டொக் என் குரலை அமுக்குது. நாளைக்கு நான் தனியாகப் பாடுகிறேன்."

மரங்கொத்திக்குச் சுருக்கென்றது. "கூட்டம் வர்றதே என் தாளத்துக்குத்தான்! நான் இல்லாமல் உன் பாட்டை யார் கேட்பாங்க?"

தவளை இருவரையும் பார்த்து, "ஆமாமா" என்றது.

மரங்கொத்தி கோபித்துக்கொண்டு பறந்துபோயிற்று.

மறுநாள் காடே திரண்டு வந்தது. ராஜா பாறைமேல் அமர்ந்தார். அவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நரி சத்தியம் செய்த பிறகே மாதப்பன் வாயைத் திறந்தது.

முதல் பாட்டு முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை. சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது பாட்டையும் பாடியது. மூன்றாவதை எடுத்தபோது ஒரு தவிட்டுக்குருவி எழுந்தது.

"அண்ணே, பாட்டெல்லாம் இருக்கட்டும். சாப்பாடு எப்போ?"

"சாப்பாடா?"

"மரங்கொத்தி கொத்தினால் பட்டையோடு புழு கொட்டுமே! அதுக்குத்தானே இத்தனை நாளா வர்றோம்? உங்க பாட்டைப் பொறுத்துக்கிட்டோம். இன்னைக்குப் புழுவும் இல்லைன்னா எப்படி?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாதப்பனுக்கு மானமே போயிற்று. எடுத்த ஓட்டம் மரங்கொத்தியிடம் போய்த்தான் நின்றது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னது.

மரங்கொத்தியின் முகம் தொங்கிவிட்டது. "அப்போ என் தாளத்துக்கும் யாரும் வரலையா?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்வதற்குள் நரி வந்து சேர்ந்தது.

"ராஜா உங்கள் மூவருக்கும் அரண்மனையிலேயே வேலை போட்டுவிட்டார்!"

"சபையிலா?" என்று மாதப்பன் துள்ளியது.

"சமையற்கட்டில். மரங்கொத்தி புழு கொட்டவேண்டும். நீ சாப்பாடு தயார் என்று குரல் கொடுக்கவேண்டும். தவளை, 'ஆமாமா' சொல்லவேண்டும்."

மறுநாள் உச்சிவேளையில் மாதப்பன் தொண்டையைத் திறந்து ஒரு குரல் கொடுத்தது. காடே விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தது.

நீதி: கூட்டம் எதற்காகக் கூடியது என்று விசாரித்த பிறகே தலைக்கனம் கொள்ளவேண்டும்.