மாடியறைக்கு வந்தாள்

புலவர் தெய்வசிகாமணிக்கு வயது அறுபத்தாறு. அவர் குருவாக வரித்துக்கொண்ட ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. புலவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் எழுதும் பேய்க்கதைகளை அச்சுக்கு முன்பே படிக்கும் முதல் வாசகர் ஆகிவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய ஆசை.

"கொலை செஞ்சது யாருன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க ஐயா. பிறகு பார்ப்போம்" என்று புது நாவலின் தட்டச்சுப் பிரதியைக் கொடுத்தனுப்பினாள்.

நான்காம் நாள் காலை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"பேய்தான் அம்மா. ஜமீன்தாரோட முதல் சம்சாரத்தோட ஆவி, ரெண்டாவது சம்சாரத்தை மாடி ஜன்னல்ல இருந்து தள்ளிட்டுது. கதை சொல்ற ஜமீன்தாரே அழுது புலம்புறாரே."

ஜெசிந்தா பிரதியை வாங்கக் கை நீட்டினாள். புலவர் கொடுக்கவில்லை.

"அது கிடக்கட்டும். முந்நூறு பக்கத்துல ஒரே ஒரு பிழை. வேற எவன் கண்ணுலயும் பட்டிருக்காது."

முப்பத்துநான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய மிடுக்கோடு, பக்கத்தைப் பிரித்து வாசித்தார்.

'அன்று மாலை முழுவதும் நான் கீழே கூடத்திலேயே இருந்தேன். என் மனைவி விளக்கை எடுத்துக்கொண்டு மாடியறைக்கு வந்தாள்.'

"மனுஷன் கீழேல்லா இருக்கான்? 'வந்தாள்' எப்படிச் சரியாகும்? 'போனாள்'னு திருத்திட்டேன்."

ஜெசிந்தா எழுந்து, விடுவிடுவென்று மாடிப்படி ஏறினாள்.

"இப்ப நான் என்ன செஞ்சேன் ஐயா?"

"மாடிக்குப் போனீங்க."

"நீங்களும் ஏறுங்க."

முழங்காலைத் திட்டிக்கொண்டே புலவர் ஏறி, அவள் பக்கத்தில் போய் மூச்சு வாங்க நின்றார்.

"இதை நான் கதையா எழுதினா எப்படி எழுதணும்?"

"'புலவர் மாடிக்கு வந்தார்'னு."

"ஏன், 'போனார்' இல்லையா?"

"அதெப்படி? நீங்கதான் முன்னாடியே மாடியில..."

வாக்கியம் முடியவில்லை. புலவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி! கூடத்துல இருந்தேன்னு சொன்னவன் மாடியிலல்லா காத்துக்கிட்டு இருந்திருக்கான். அவன்தான் தள்ளியிருக்கான். தன்னை அறியாம உளறிட்டான்."

பிறகு குரல் இறங்கியது.

"கையும் களவுமா மாட்டினவனை நானே திருத்தித் தப்பவிட்டுட்டேனே அம்மா."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பிரதியை அவள் கையில் வைத்தார்.

"நான் இதுக்கு லாயக்கில்லை. வரட்டுமா?"

"இதே வேலைக்கு உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க ஐயா. மூணு பேரும் பேய்தான்னாங்க. ஆனா அந்தச் சொல்லுல ஒருத்தர் காலும் இடறலை."

புலவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு இடறிச்சு. அடுத்த கதை மேசை மேல இருக்கு, எடுத்துட்டுப் போங்க. இனி இடறினா, கல்லைத் தூக்கி ஓரமா எறியாதீங்க. குனிஞ்சு பாருங்க."