ஆள் இல்லாத இலை

"நான் போட்ட வரைபடம் சரியாத்தான் இருக்கும்மா. ஆனா சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது" என்றார் ஆவுடையப்பன்.

கோமதி அம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இதில் சீடருக்கு வயது அறுபதுக்கு மேல். குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. மடத்துக்கு வருகிறவர்கள் இந்த ஜோடியைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள். பலர் ஆவுடையப்பன் காலில் விழுந்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். அவரும் ஆசீர்வாதம் செய்துவிட்டு, "குரு அந்தா இருக்காக" என்று கை காட்டுவார்.

பெங்களூரில் அவர் பார்த்த வேலையே வேறு மாதிரி. ஒரு அலுவலகத்தில் யார் எதை நம்புகிறார், பக்கத்து மேசைக்காரரைப் பற்றி என்ன நினைக்கிறார், அதனால் என்ன செய்கிறார் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு, வட்டங்களுக்கு நடுவே அம்பு போட்டு, கணினிக்குள் ஓடவிடுவார். அந்த அலுவலகம் எங்கே தட்டுத்தடுமாறுகிறது என்று கணினி காட்டிவிடும். ஓய்வு பெற்றதும், இத்தனை காலம் மனசை வரைந்தோமே, அது என்னதான் என்று தெரிந்துகொள்ளலாம் என மடத்துக்கு வந்தார்.

வந்த இடத்திலும் வேலை விடவில்லை.

மடத்தில் தினமும் மதியம் அன்னதானம். தினமும் கதவு திறக்கத் தாமதம். வெளியே கூச்சல், தள்ளுமுள்ளு. போன அமாவாசையன்று ஒரு பெண் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. மடத்துக் காரியதரிசி உலகநாதன் ஆவுடையப்பனைக் கூப்பிட்டு, தப்பு யாரிடம் என்று உங்கள் வித்தையை வைத்துக் கண்டுபிடியுங்கள், அந்த ஆளை அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பன் எல்லாரையும் கேட்டார். வட்டம் போட்டார். அம்பு போட்டார். ஓடவிட்டார்.

கணினி கதவுக்காரர் பேச்சிமுத்துவைக் காட்டியது.

"அவரோட வட்டத்துல என்ன எழுதியிருக்கீய?" என்று கேட்டார் கோமதி அம்மை.

"பயந்த சுபாவம்னு. எதைக் கேட்டாலும் பயமா இருக்கு அண்ணாச்சின்னுதான் சொன்னார். அந்த இடத்துல தைரியமான ஆளை வச்சு ஓட்டிப் பார்த்தேன். தள்ளுமுள்ளே இல்ல."

"பிறகென்ன?"

"அவருக்குப் போக இடம் இல்லம்மா. சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால இருக்க அறைதான் அவருக்கு வீடு."

கோமதி அம்மை ஒரு முற்றல் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துத் தள்ளி வைத்தார்.

"பேச்சிமுத்து எப்ப சாப்பிடுவார்?"

"கடைசிப் பந்தி முடிஞ்ச பிறகு. அது நம்ம விஷயத்துல வராதும்மா."

"அப்படியா" என்றார் அம்மை. "தைரியமான ஆள் வேணும்னா நீங்க இருக்கீயளே. நாளைக்கு நீங்க நில்லுங்க" என்றார்.

ஆவுடையப்பனுக்கு இது பிடித்திருந்தது. வரைந்ததை நடத்திக் காட்ட ஒரு வாய்ப்பு. காரியதரிசியிடம், முடிவை இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவுக்கு உட்புறம் போய் நின்றார். பேச்சிமுத்து ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். வேலை போய்விட்டது என்றே அவர் நினைத்தார். காலையிலேயே பாயைச் சுருட்டிக் கயிறு கட்டி வைத்துவிட்டார்.

மணி அடித்தது. கூடத்தில் இலைகள் வரிசையாகக் கிடந்தன, தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பச்சைப்பசேல் என்று. இனி தாழ்ப்பாளை எடுக்க வேண்டியதுதான்.

ஆவுடையப்பன் தாழ்ப்பாளில் கை வைத்தார். கதவின் இடுக்கு வழியாக வெளியே முதலில் நின்றவர்கள் தெரிந்தார்கள். காலையிலிருந்து சாப்பிடாத முகங்கள். திரும்பி இலைகளைப் பார்த்தார். ஒரு பருக்கை சோறு இல்லை. கூடத்தின் அந்தக் கோடியில் சமையல்கட்டு வாசலில் சோற்றுவாளியோடு யாரும் வரவும் காணோம். சரி, இன்னும் வேகவில்லை போலிருக்கிறது, வாளி தலைகாட்டட்டும், உடனே திறந்துவிடலாம் என்று கையை எடுத்துக்கொண்டார்.

வாளி வரவில்லை.

வெளியே சத்தம் கூடியது. யாரோ கதவை உதைத்தார்கள். ஆவுடையப்பன் பதறிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தார். கூட்டம் அவரைச் சுவரோடு ஒட்ட வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தது. மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது. அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டிலிருந்து ஆவி பறக்கச் சோறு வந்தது.

கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு அம்மையிடம் போனார்.

"இன்னைக்கு ஏதோ கவனப்பிசகு. நாளைக்குச் சரியா செஞ்சிருவேன்."

"செய்யுங்க" என்றார் அம்மை.

மறுநாளும் அதேதான் நடந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டது ஒன்றுதான் முன்னேற்றம்.

அன்று அவர் அம்மையிடம் போகவில்லை. வெட்கமாக இருந்தது. கிணற்றடிக்குப் போய்ப் பேச்சிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்களுக்கு எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டார். இந்தக் கேள்வியை முதல் தடவை கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"பசியோட வந்தவுகள வெறும் இலைக்கு முன்னால உக்கார வைக்கதா அண்ணாச்சி? அது அவுகள அவமானப்படுத்துதது. சோறு வராம எப்படித் திறக்க?"

"சோறு ஏன் வரலன்னு நினைப்பீய?"

"வெந்திருக்காது. சொர்ணம் சும்மா நிக்க ஆள் கிடையாது."

ஆவுடையப்பன் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். பரிமாறும் பெண்களுக்குத் தலைவி சொர்ணம். கண்டிப்பானவர் என்று அவருடைய வட்டத்தில் எழுதியிருந்தது. மணி அடிக்கும்போது சோறு வெந்து தயாராக இருக்குமா என்று கேட்டார். வடித்து வாளியில் எடுத்து, வாசலுக்கு உள்பக்கமாக வைத்துக் காத்திருப்போம் என்றார் சொர்ணம்.

"பிறகு ஏன் கொண்டு வரல?"

சொர்ணம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஆள் இல்லாத இலையில சோறு வச்சா அது படையல் அண்ணாச்சி. செத்தவுகளுக்கு வைக்கது. வாசல்ல உசுரோட நிக்கவுகளுக்கு நான் அப்படி வைக்க மாட்டேன்."

"கதவு ஏன் திறக்கலன்னு நினைப்பீய?"

"சாப்பாட்டுக்கு முந்தி வெளியில நடக்க பூசை முடிஞ்சிருக்காது. பேச்சிமுத்து வேணும்னு நிப்பாட்டி வைக்க ஆள் இல்ல."

ஆவுடையப்பன் சொர்ணம் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றார். கூடத்தை இந்தக் கோடியிலிருந்து பார்த்தார். அவர் கதவிலிருந்து பார்த்த இலைகள் கிடக்கும் அதே இடம்தான். அங்கிருந்து பார்த்தால் சோறு இல்லாத இலை. இங்கிருந்து பார்த்தால் ஆள் இல்லாத இலை. இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டு, நாள் தவறாமல் காத்துக்கிடந்திருக்கிறார்கள். கடைசியில் கதவைத் திறந்தது வெளியே எழுந்த கூச்சல்தான். கூச்சல் போட்டால் கதவு திறக்கும் என்று கூட்டமும் கற்றுக்கொண்டுவிட்டது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, அந்த மனிதர் பாயைச் சுருட்டி வைத்திருப்பதும் நினைவுக்கு வந்தது.

அறைக்குப் போய்க் கணினியைத் திறந்தார். பேச்சிமுத்துவின் வட்டத்தில் பயந்த சுபாவம் என்றிருந்ததை அழித்தார். அங்கே நின்றால் என்ன தெரியும் என்பதை எழுதினார். சொர்ணத்தின் வட்டத்தில் கண்டிப்பை அழித்தார். அங்கேயும் அப்படியே எழுதினார். கதவில் வெவ்வேறு ஆளை வைத்து ஓட்டிப் பார்த்தார். தன்னை வைத்தும் ஓட்டினார். யாரை வைத்தாலும் தாமதம் ஆனது.

கணினியைத் தூக்கிக்கொண்டு அம்மையிடம் ஓடினார். அன்று பூசணிக்காய்.

"தப்பு யார் மேலயும் இல்லம்மா" என்றார். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னார். "ஆனா எப்படி அவிழ்க்கன்னுதான் தெரியல. பேச்சிமுத்துவை முதல்ல திறக்கச் சொன்னா, வந்தவுகள அவமானப்படுத்துததா நினைப்பார். சொர்ணத்தை முதல்ல பரிமாறச் சொன்னா அவுகளுக்குப் பாவம். ரெண்டு பேரையும் நோகடிக்க எனக்கு மனசில்ல."

கோமதி அம்மை திரையை எட்டிப் பார்த்தார். வட்டங்களை, அம்புகளை, பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்லா இருக்கு என்று தலையாட்டினார். அரிவாள்மணைக்குத் திரும்பினார்.

"பேச்சிமுத்து எப்ப சாப்பிடுவார்?"

"சொன்னேனேம்மா, கடைசிப் பந்தி..."

ஆவுடையப்பன் பாதியில் நிறுத்தினார்.

அம்மை பூசணியின் விதைகளை வழித்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காரியதரிசி உலகநாதன் நேரிலேயே வந்துவிட்டார். இனித் தவணை கிடையாது, இன்று யாரை அனுப்புவது என்று தெரிந்தாக வேண்டும் என்றார். ஆவுடையப்பன் அவரைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். கிணற்றடிக்குப் போய்ப் பேச்சிமுத்துவின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வாங்க."

"நான் எதுக்கு அண்ணாச்சி உள்ள? சாமானெல்லாம் கட்டியாச்சு."

ஆவுடையப்பன் பக்கவாசல் வழியாக அவரைக் கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். முதல் வரிசையில், முதல் இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். பேச்சிமுத்து கூசிக் குறுகி, வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்தார். ஆவுடையப்பன் போய்க் கதவருகே நின்றார்.

மணி அடித்தது.

சமையல்கட்டு வாசலில் சொர்ணம் எட்டிப் பார்த்தார். இலைக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஆள் உட்கார்ந்த பிறகு காக்க வைப்பது அவருக்கு வழக்கமில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

ஆவுடையப்பன் வாளியைப் பார்த்தார். தாழ்ப்பாளை எடுத்தார்.

வெளியே இன்னும் யாரும் கூச்சல் போட ஆரம்பிக்கவே இல்லை. கதவு தானாகத் திறந்ததைப் பார்த்து முன்னால் நின்றவர்கள் ஒரு நிமிஷம் திகைத்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். மணிக்கட்டில் கட்டுப் போட்ட அந்தப் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். ஆவுடையப்பனின் மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

உலகநாதன் மெல்ல அருகே வந்தார். யாரை அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

"யாரையும் வேண்டாம். தினம் ஒரு ஆள் கூட்டத்துக்கு முன்னாலேயே உள்ள உக்காரணும், அவ்வளவுதான். நாளைக்கு நீங்க உக்காருங்க, பேச்சிமுத்து கதவுல நிப்பாரு."

உலகநாதன் கூடத்தைப் பார்த்தார். சாப்பிடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. காலியாக இருந்த ஓர் இலையில் போய் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் முதல் இலைக்கு வந்தார். பேச்சிமுத்து சோற்றில் கை வைத்து, வெடுக்கென்று எடுத்து, விரல்களை ஊதிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் தளும்பியிருந்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் தெரியுது அண்ணாச்சி. நம்ம மடத்துச் சோறு சுடும்."